பருவுக்கு அடாபலீன் ஜெல்: இரண்டரை வருடம் தடவிய பிறகு

2021 செப்டம்பரில் பள்ளி திறந்தபோது நான் பிளஸ் ஒன். வகுப்பில் எல்லோரும் மாஸ்க்கைத் திட்டிக்கொண்டிருக்க, எனக்கு மட்டும் அது பெரிய உபகாரம். கன்னமும் தாடையும் உள்ளே ஒளிந்துகொள்ளும். ஆனால் உள்ளே வியர்த்து, உரசி, பரு இன்னும் கூடியது. வெளியே தெரிந்த நெற்றியில் ஆச்சி தேய்த்துவிட்ட தேங்காய் எண்ணெய் மினுமினுக்கும். அதன் கீழே மயிர்க்கோட்டை ஒட்டிக் குருணை குருணையாய்ச் சின்னப் பருக்கள். "சூட்டு உடம்பு, எண்ணெய் வைக்காம இருக்கலாமாளா?" என்பாள் ஆச்சி.

ஜாதிக்காயை இழைத்துப் பூசினோம். பற்பசை வைத்தோம். உடைந்த பரு மேல் எலுமிச்சைச் சாறு வைத்த அன்று கண்ணில் தண்ணீர் கொட்டியது. இதெல்லாம் சில்லறை. பெரிய தப்பு, மெடிக்கலில் கேட்டு வாங்கிய ஒரு கிரீம். நாலே நாளில் முகம் பளபளவென்று ஆகிவிட, இரண்டு மாதம் விடாமல் போட்டேன். நிறுத்திய வாரமே முகம் சிவந்து, வெயில் பட்டால் மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரிந்தது. பரு முன்பைவிட அதிகம்.

தோல் டாக்டர் அந்த டியூபைத் திருப்பிக் காட்டினார். ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன். "மங்குக்குக் கொஞ்ச நாள் கொடுக்கிற மருந்தும்மா இது. மொமெட்டசோன் ஸ்டீராய்டு. நிறுத்தினதும் முகம் சிவந்து எரிஞ்சது அதனாலதான்." ஸ்டீராய்டு கிரீம்களை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது. நான் கேட்டதும் எடுத்துக் கொடுத்துவிட்டார்கள்.

எரிச்சல் அடங்கும்வரை வெறும் மாய்ஸ்சரைசர்தான். அப்புறம் சீட்டில் இரண்டு எழுதினார்: ராத்திரி அடாபலீன் 0.1 சதவீத ஜெல், காலையில் பருக் கிருமியைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதம். ஐந்தும் பத்தும் கிடைக்குமே என்று கேட்டேன். பலன் ஏறக்குறைய ஒன்றுதான், எரிச்சல்தான் கூடும் என்றார்.

முகம் முழுவதற்கும் சேர்த்துப் பட்டாணி அளவு ஜெல். காய்ந்த பட்டாணியா ஊறின பட்டாணியா என்று எனக்குள் பெரிய விசாரணையே நடந்தது. (காய்ந்ததுதான்.) நெற்றி, இரண்டு கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்ப வேண்டும். நானோ முதல் வாரம் பரு இருக்கும் இடத்தில் மட்டும் அப்பிக்கொண்டு, விடிந்ததும் கண்ணாடி முன் போய் நின்றேன். அடுத்த முறை டாக்டர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. இன்று கண்ணுக்குத் தெரிகிற பரு, பல வாரங்களுக்கு முன்பே தோல் துளை அடைபட்டு உள்ளே உருவானது. அடாபலீன் அந்த அடைப்பைத் தடுக்கிற மருந்து. அதாவது இன்று ராத்திரி நான் தடவுவது, இரண்டு மாதம் கழித்து வரவிருக்கும் பருவுக்கு. இது தெரியாமல்தான் பாதிப் பேர் மூன்றாவது வாரத்தில் டியூபைத் தூக்கிப் போடுகிறார்கள்.

நானும் போட்டிருப்பேன். நாலாவது வாரம் பரு குறையவில்லை, கூடியது. மூக்கோரமும் வாயோரமும் தோல் உரிந்து, சாம்பாரின் காரம் பட்டாலே சுள்ளென்றது. முகம் கழுவி, ஈரம் நன்றாகக் காய்ந்தபின், முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல், அதுவும் ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மாற்றிய பிறகு சமாளிக்க முடிந்தது. உதட்டோரத்துக்கு வாசலின். பத்தாவது வாரத்தில் ஒருநாள் முகம் கழுவும்போது நெற்றி வழவழவென்று கையில் பட்டது. கண்ணாடியில் பார்க்கும் முன்பே கைக்குத் தெரிந்துவிட்டது.

தழும்பு என்று நான் அழுததெல்லாம் பெரும்பாலும் தழும்பே இல்லை, பரு ஆறிய இடத்தில் நின்ற கறுப்பு. நம் நிறத் தோலில் அது மாதக்கணக்கில் நிற்கும். காலையில் சன்ஸ்கிரீன் தவறாமல் போட்டும் முழுக்க மங்க ஒரு வருடம் பிடித்தது. கிள்ளிய இரண்டு இடத்தில் மட்டும் நிஜமான பள்ளம். அதற்கு இந்த ஜெல் ஒன்றும் செய்யவில்லை.

பென்சாயில் பெராக்சைடு பற்றி ஒரே புகார்தான், ஆனால் பெரிய புகார்: துணி வெளுக்கும். அம்மாவின் மெரூன் துண்டில் என் முகம் பட்ட இடமெல்லாம் ஆரஞ்சுத் திட்டு. பிளீச்சிங் பவுடரில் யார் துண்டை முக்கியது என்று வீட்டில் ஒரு வாரம் விசாரணை. தலையணை உறை, சுடிதார் கழுத்து என்று வரிசையாகப் போன பிறகுதான் குட்டு உடைந்தது. வெள்ளைத் துணிதான் பாதுகாப்பு.

எல்லோருக்கும் இது போதும் என்று சொல்ல மாட்டேன். என் தோழிக்கு ஆழமான கட்டிகள். அவளுக்கு ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை கொடுத்தார்கள். ரத்தப் பரிசோதனை, வெடித்த உதடு என்று அது வேறு பாடு. கருவைப் பாதிக்கும் மருந்து என்பதால் டாக்டர் கண்காணிப்பு இல்லாமல் தொடவே கூடாது.

எனக்கு இப்போது கல்லூரி இரண்டாம் வருடம். மாதவிடாய்க்கு முந்தின வாரம் தாடையில் ஒன்றிரண்டு வரும், போகும். ஜெல் வாரத்துக்கு மூன்று ராத்திரி. தலைக்கு எண்ணெய், குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு மட்டும் என்று ஆச்சியோடு ஒப்பந்தம் ஆகிவிட்டது.

தம்பி ஒன்பதாவது போகிறான், மூக்கு நுனியில் ஆரம்பித்துவிட்டது. டாக்டர் அவனுக்கும் பென்சாயில் பெராக்சைடு எழுதியிருக்கிறார். அந்த ஆரஞ்சுத் திட்டுத் துண்டை அம்மா அவனுக்கென்றே ஒதுக்கிவிட்டாள்.