நெட்வொர்க் பிளஸ், சிசிஎன்ஏ, என்பிடெல்: விட்டுப்போனதைப் பிடிக்க எது உதவும்?

ஹெல்ப் டெஸ்க்கிலோ சர்வர் பராமரிப்பிலோ சில வருடம் ஓட்டியவர்களுக்கு நெட்வொர்க்கிங் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் தெரிந்திருக்கும். விலான் (ஒரே சுவிட்ச்சைத் தனித்தனி நெட்வொர்க்காகப் பிரிப்பது) போடத் தெரியும், எந்தப் பாக்கெட் எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் ரூட்டிங் டேபிளைப் பார்த்தால் புரியாது. அப்படிப்பட்டவர்கள் "எந்த சர்டிபிகேட் எடுக்கலாம்?" என்று கேட்டால், நான் முதலில் ஒரு கணக்குதான் கொடுப்பேன்.

ஒரே சுவிட்ச்சில் இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றுக்கு ஐபி முகவரி 192.168.10.20, மற்றதற்கு 192.168.10.70. இரண்டுக்கும் மாஸ்க், அதாவது முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க்கைக் குறிக்கிறது என்று காட்டும் எண், 255.255.255.192. ரூட்டர் கிடையாது. ஒன்றிலிருந்து மற்றதற்கு பிங் (தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கும் சோதனை) போகுமா? போகாது. அந்த மாஸ்க்கில் முதல் கம்ப்யூட்டர் கடைசி எண் 0 முதல் 63 வரையுள்ள சப்நெட்டில் (உள்பிரிவு நெட்வொர்க்கில்) இருக்கிறது, இரண்டாவது 64 முதல் 127 வரையுள்ளதில். கேபிள் சரியாக இருந்தாலும் ரூட்டர் இல்லாமல் ஒன்றையொன்று எட்டாது. நெட்வொர்க்கிங் பாடத்தில் முதலில் வரும் ஓஎஸ்ஐ மாதிரியின் ஏழு அடுக்கையும் மூச்சுவிடாமல் ஒப்பிப்பவர்கள்கூட இங்கே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். தடுமாறினால் உங்கள் ஓட்டை அடித்தளத்தில் இருக்கிறது. சட்டென்று சொல்லிவிட்டால் அது வேறு எங்கோ இருக்கிறது. எந்தப் படிப்பு என்பதை அதை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஐடி சான்றிதழ்கள் வழங்கும் காம்ப்டியா அமைப்பின் நெட்வொர்க் பிளஸ் எந்த நிறுவனத்தின் கருவியையும் சாராதது. 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 720 எடுத்தால் பாஸ். இப்போதைய என்10-009 பாடத்திட்டத்தில் 24 சதவீதம் பழுது கண்டுபிடிப்பதற்கே ஒதுக்கியிருப்பது எனக்குப் பிடித்த விஷயம். கேபிள் வகை, வைஃபை, போர்ட் எண், கிளவுட் என்று எல்லாவற்றையும் தொட்டுச் செல்லும். ஆனால் ஒரு ரூட்டரை முழுசாக கான்ஃபிகர் செய்யும் கட்டாயம் வராது. அமெரிக்காவில் ராணுவத் துறை சார்ந்த ஐடி வேலைகளுக்கு ஏற்கப்படும் சான்றிதழ்களில் இதுவும் ஒன்று என்பதால் அங்கே இதற்கு மதிப்பு உண்டு. நம் ஊர் இன்டர்வியூக்களில் காதில் விழுவது சிஸ்கோ நிறுவனத்தின் சான்றிதழான சிசிஎன்ஏ பெயர்தான். அதனால் சென்னையிலோ கோவையிலோ வேலை தேடுபவர் இதற்குப் பணம் கட்டத் தேவையில்லை. யூடியூபில் இந்தத் தேர்வுக்குப் பாடம் நடத்தும் புரொஃபசர் மெஸ்ஸரின் இலவச வீடியோக்களைப் பார்த்தாலே இதன் பலன் கிடைத்துவிடும்.

சிசிஎன்ஏ இன்னும் ஆழமானது. 120 நிமிடம், 300 டாலர், வரி தனி. பாடத்திட்டத்தில் கால் பங்கு ஐபி கனெக்டிவிட்டி, அதாவது ரூட்டிங். இதன் உண்மையான பலம் லேப். கம்ப்யூட்டரிலேயே நெட்வொர்க் அமைத்துப் பார்க்க உதவும் பேக்கெட் டிரேசரை சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். இரண்டு ரூட்டர்களை வைத்து ஓஎஸ்பிஎஃப் (ரூட்டர்கள் தங்களுக்குள் வழிகளைப் பகிர்ந்துகொள்ளும் முறை) ஓட விடுங்கள். ஈதர்நெட்டில் 'இருக்கிறேன்' என்று சொல்லும் ஹலோ செய்தி 10 வினாடிக்கு ஒன்று, அது வராவிட்டால் பக்கத்து ரூட்டரை (நெய்பர்) இல்லை என்று முடிவு செய்யும் டெட் டைமர் 40 வினாடி. ஒரு பக்கம் மட்டும் ஹலோவை 5 ஆக்கிவிட்டு நெய்பர் பட்டியலைப் பார்த்துக்கொண்டே இருங்கள். 40 வினாடிக்குள் நெய்பர் காணாமல் போயிருக்கும். இதை ஒரு முறை கண்ணால் பார்த்தவருக்கு 'டைமர் இரு பக்கமும் பொருந்த வேண்டும்' என்ற விதி மறக்கவே மறக்காது. குறையும் உண்டு: இணையத்தின் பெரிய நெட்வொர்க்குகளை இணைக்கும் பிஜிபி ரூட்டிங் முறை இதில் கிடையாது, கமாண்ட் எல்லாம் சிஸ்கோ பாணி.

சிஸ்கோவைப் போல நெட்வொர்க் கருவிகள் செய்யும் ஜூனிப்பரின் தொடக்கநிலைச் சான்றிதழ் ஜேஎன்சிஐஏ, ஜூனிப்பர் கருவிகள் இருக்கும் இடத்தில் வேலை செய்பவர்களுக்கு மட்டும். மாற்றத்தை உறுதி செய்யாவிட்டால் 10 நிமிடத்தில் தானாகப் பழைய நிலைக்குத் திரும்பும் 'கமிட் கன்ஃபர்ம்ட்' வசதியைப் பழகவாவது ஒரு முறை தொட்டுப் பாருங்கள்.

சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கு நான் சிசிஎன்ஏ சொல்ல மாட்டேன். ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெல்லில் ஐஐடி கரக்பூர் பேராசிரியர்கள் நடத்தும் 'கம்ப்யூட்டர் நெட்வொர்க்ஸ் அண்ட் இன்டர்நெட் புரோட்டோகால்' 12 வாரப் பாடம் அவர்களுக்குப் பொருத்தம். வீடியோ இலவசம், தேர்வு எழுதினால்தான் கட்டணம். தகவலைப் பிழையின்றிக் கொண்டு சேர்க்கும் டிசிபி ஏன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்பது போன்ற 'ஏன்'களுக்கு இங்கேதான் பதில் கிடைக்கும்.

இவை எதுவுமே போதுமான அளவு கற்றுத்தராத ஒன்று, நெட்வொர்க்கில் போகும் பேக்கெட்டை (தகவல் துண்டை) பிடித்துப் பார்ப்பது. பிங் போகிறது, ஆனால் பெரிய ஃபைல் பாதியில் நின்றுவிடுகிறது என்ற புகாரை எடுத்துக்கொள்ளுங்கள். சில பிராட்பேண்ட் சேவைகள் பயன்படுத்தும் பிபிபிஓஇ இணைப்பில் 8 பைட் கூடுதலாகப் போவதால் எம்டியு, அதாவது ஒரு பேக்கெட்டின் அதிகபட்ச அளவு, 1500இலிருந்து 1492 பைட் ஆகிவிடும். 'பேக்கெட் பெரிசு, குறைத்து அனுப்பு' என்று திரும்பி வரும் ஐசிஎம்பி என்ற எச்சரிக்கைச் செய்தியை வழியில் ஏதோ ஒரு ஃபயர்வால் தடுத்தால், அனுப்பும் கம்ப்யூட்டர் அதே பெரிய பேக்கெட்டைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டே இருக்கும். பேக்கெட்டைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் மென்பொருளில் அந்த ரீடிரான்ஸ்மிஷன் (மறுபடி அனுப்பும்) வரிசையைப் பார்த்தால் காரணம் பிடிபடும். காசு செலவில்லை. எந்தச் சான்றிதழுக்குப் படித்தாலும் பக்கத்தில் இதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே வேலையில் இருப்பவருக்கு என் பரிந்துரை: சிசிஎன்ஏ பாடத்திட்டத்தை லேபோடு முழுசாக முடியுங்கள். வேலை மாறும் எண்ணம் இருந்தால் மட்டும் தேர்வு எழுதுங்கள், ஏனென்றால் மூன்று வருடத்தில் அதைப் புதுப்பிக்க வேண்டும். டம்ப் (வெளியே கசிந்த தேர்வுக் கேள்விகள்) வாங்கிப் பாஸாவதை மட்டும் தயவுசெய்து தவிர்த்துவிடுங்கள். மாட்டினால் சிஸ்கோ சான்றிதழையே ரத்து செய்யும். மாட்டாவிட்டாலும் மேலே சொன்ன சப்நெட் கணக்கை இன்டர்வியூவில் கேட்பார்கள்.

புத்தகம் வாங்குமுன் பதிப்பைப் பாருங்கள். 2024 ஆகஸ்டில் சிசிஎன்ஏ தேர்வு 1.1 பதிப்புக்கு மாறியது. சுவிட்ச்சுக்கான ரூட் கார்டு பாதுகாப்பு, தானியங்கிக் கருவியான டெர்ராஃபார்ம், ஏஐ பற்றிய பகுதிகள் பழைய பதிப்பில் இருக்காது. சப்நெட், ஓஎஸ்பிஎஃப் படிக்க மட்டும் என்றால் பழைய புத்தகமே போதும்.