ராக் கிராலரில் பேட்டரி எங்கே உட்கார வேண்டும்?

நான் வழக்கமாக வண்டி ஓட்டும் இடத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் இருக்கிறது. அடியில் சரிவு, மேலே போகப் போகச் செங்குத்து, உச்சியில் ஒரு விளிம்பு. என் ரிமோட் கிராலர் (நிஜ ஜீப்பின் பத்தில் ஒரு பங்கு அளவில், கல் ஏறுவதற்கென்றே செய்த ரிமோட் வண்டி) அந்த விளிம்பில் முன் டயரை வைக்கும். டயர் இரண்டு சுற்று தேய்க்கும், மூக்கு மெல்ல மேலே எழும், பிறகு வண்டி மல்லாக்க விழும். டயரை மாற்றினேன், ஷாக் (அதிர்வு தாங்கி) எண்ணெயை மாற்றினேன், ஒன்றும் நடக்கவில்லை. கோளாறு பேட்டரி இருந்த இடத்தில். எனக்கு இந்த வண்டியை விற்றவர் பேட்டரி ட்ரேயை கியர்பாக்ஸுக்குப் பின்னால், சேசி ரெயில்களுக்கு (அடிச்சட்டத்தின் இரண்டு நீளக் கம்பிகள்) மேலே பொருத்தியிருந்தார். கழற்றி மாட்டச் சுலபமான இடம்தான், ஆனால் கல் ஏறுவதற்கு அது சரிப்படவில்லை.

கலிபோர்னியாவின் ரூபிகான் தடத்திலும் யூட்டாவின் மோவாப் பாறைகளிலும் ஏறுகிற நிஜ ஜீப்பில் எஞ்சின் முன்னால் இருக்கிறது. மூக்கு எழாமல் பிடித்துக்கொள்ளும் கனம் பிறவியிலேயே உண்டு. நம் வண்டியில் 540 என்கிற அளவு மோட்டாரின் எடை இருநூறு கிராமுக்குள், அதுவும் பெரும்பாலும் நடுவில் இருக்கிறது. ஒரே கையில் எடுத்து இன்னொரு இடத்தில் வைக்கக்கூடிய பெரிய கனம் பேட்டரி மட்டும்தான். நிஜ ஜீப்பில் எஞ்சின் பார்க்கும் வேலையை இங்கே பேட்டரியிடம் கொடுக்க வேண்டும்.

எங்கே மாற்றுவது என்று யோசிப்பதற்கு முன்னால் எடை போட்டுவிடுங்கள். ஒரே மாதிரி இரண்டு சமையலறைத் தராசு போதும். முன் டயர்கள் ஒன்றின் மேல், பின் டயர்கள் மற்றொன்றின் மேல். இரண்டும் ஒரே உயரத்தில் இருக்க வேண்டும். வண்டியை வைத்த பிறகு கையால் ஒருமுறை அமுக்கி விட்டுப் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் டயர் இறுகி நின்று பத்து இருபது கிராம் தவறாகக் காட்டும். என் வண்டிக்கு வீல்பேஸ் (முன் சக்கர மையத்திலிருந்து பின் சக்கர மையம் வரை) 313 மி.மீ., மொத்த எடை 2800 கிராம். முன்னால் 1340, பின்னால் 1460. அதாவது முன்பக்கம் 48 சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவு. கல் ஏறுகிறவர்கள் பலரும் முன்பக்கம் 55, 60 வரைகூடக் கேட்பார்கள்.

சமதளத்தில் முன் டயர்மேல் 1340 கிராம் என்பது நல்ல எண்ணாகத்தான் தெரியும். அதே வண்டி 45 டிகிரி சரிவில் நிற்கும்போது கணக்குப் போட்டால் முன் டயர்கள் கல்லை அழுத்துவது வெறும் 350 கிராம் அளவுக்குத்தான் (ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 95 மி.மீ. உயரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டால்). மீதியெல்லாம் பின்னால் போய்விடுகிறது. விளிம்பில் முன் டயர் சும்மா தேய்ப்பது இதனால்தான்.

சரி, மாற்று இடங்களுக்கு வருவோம். முதலில் எல்லோரும் செய்வதையே நானும் செய்தேன். அதே பெரிய பேட்டரியை, 2எஸ் 5000 ஹார்ட் கேஸ் (இரண்டு செல், 5000 எம்.ஏ.எச்., கெட்டி உறை), 280 கிராம், அப்படியே முன் ஆக்சிலுக்கு (சக்கர அச்சு) மேலே கொண்டுபோனேன். ரெயில்களின் குறுக்கே ஒரு அலுமினியத் தகடு, அதன்மேல் பேட்டரி. 190 மி.மீ. முன்னே நகர்ந்தது. தராசு உடனே பேசியது: முன் 1510, பின் 1290, 54 சதவீதம். மல்லாக்க விழும் கோணம் கணக்குப்படி 57.6 டிகிரியிலிருந்து 60.6 ஆனது. அந்தக் கல்லை அன்றைக்கே ஏறிவிட்டது.

ஆனால் இறக்கத்தில் வேறு கதை. குப்புற விழும் கோணம் 60-க்குப் பக்கத்தில் இருந்தது 56.6-க்கு இறங்கிவிட்டது. ஏற்றத்தில் கிடைத்த மூன்று டிகிரியை இறக்கத்தில் திருப்பிக் கொடுத்தாயிற்று. பேட்டரி இடம் மாறியதே தவிர உயரம் குறையவில்லை என்பதுதான் காரணம். இன்னும் இரண்டு தொல்லை கூடவே வந்தன. முன் ஸ்பிரிங் அமுங்கி மூக்கு தாழ்ந்தது, காலரை (ஸ்பிரிங்கை அழுத்திப் பிடிக்கும் வளையம்) இறுக்கித் தூக்க வேண்டியிருந்தது. சர்வோ (முன் டயர்களைத் திருப்பும் சின்ன மோட்டார்) திணற ஆரம்பித்தது. நின்ற இடத்தில் டயரைத் திருப்பும்போது முன் டயர்மேல் கூடுதலாக 170 கிராம் இருப்பது அதற்கு நன்றாகவே தெரிகிறது. வண்டியோடு வந்த சாதாரண சர்வோ என்றால் இதைக் கவனத்தில் வையுங்கள்.

அடுத்து, இடத்தை மாற்றாமல் பேட்டரியை மட்டும் சின்னதாக்கிப் பார்த்தேன். 3எஸ் 2200, 180 கிராம். பழைய பின் ட்ரேயிலேயே. முன்பக்கம் 48.5 சதவீதம், பெரிய மாற்றமில்லை. ஆனால் உயரத்தில் இருந்த நூறு கிராம் போனதால் ஈர்ப்பு மையம் 2 மி.மீ. இறங்கியது. ஏற்றக் கோணம் ஒரு டிகிரி கூடியது, இறக்கத்தில் எதுவும் குறையவில்லை. சக்திக் கணக்கில் 37 வாட்-மணி இருந்தது 24 ஆகிறது, அதனால் ஓடும் நேரம் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். மெதுவாக ஊர்கிற வண்டிக்கு அது பெரிய இழப்பில்லை. சட்டைப்பையில் இன்னொரு பேட்டரி வைத்துக்கொள்ளலாம். உங்கள் ஈஎஸ்சி (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டி) 3எஸ் தாங்குமா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். தாங்காது என்றால் சின்ன 2எஸ் வாங்குங்கள்.

அப்புறம் இரண்டையும் சேர்த்தேன். சின்ன பேட்டரி, முன்னால், ஆனால் இந்த முறை ரெயில்களுக்கு நடுவே தாழ்த்தி. பேட்டரியின் நடுப்பகுதி தரையிலிருந்து 150 மி.மீ. உயரத்தில் இருந்தது 115-க்கு வந்தது. தராசில் முன்பக்கம் 52.6 சதவீதம்தான். எண்ணை மட்டும் பார்த்தால் பெரிய பேட்டரியின் 54-ஐவிடக் குறைவு. ஆனால் ஏற்றக் கோணம் 61.2 டிகிரி, எல்லாவற்றிலும் அதிகம். இறக்கம் 58.6, தொடக்கத்தைவிட ஒரு டிகிரிதான் குறைவு. பக்கச் சரிவிலும் ஒரு டிகிரிக்கு மேல் கூடியது. 45 டிகிரியில் முன் டயர் அழுத்தம் 350-லிருந்து 450 கிராம். மொத்த எடையும் 100 கிராம் குறைந்திருக்கிறது. சதவீதத்தை மட்டும் துரத்துகிறவர்கள் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான். முன்னால் தள்ளுவது பாதி வேலை, தாழ்த்துவது மீதிப் பாதி.

இந்தக் கோணங்களை நம்பாமல் பலகையிலும் சோதித்தேன். நீளமான பலகை, பின் டயர் வழுக்காமல் இருக்க அதன் குறுக்கே ஆணியடித்த மெல்லிய ரீப்பர் கட்டை, பலகையின் ஓரத்தில் கோணம் காட்டும் செயலியோடு கைபேசி. ஒருவர் பலகையைத் தூக்க, நான் பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். முன் டயர்கள் பலகையை விட்டு எழும் நொடியில் கோணத்தைக் குறித்தேன். ஒவ்வொரு முறையும் கணக்கைவிட இரண்டு மூன்று டிகிரி முன்னதாகவே எழுந்தது. பின் ஷாக் அமுங்குவதும் டயர் நசுங்குவதும் காகிதக் கணக்கில் வருவதில்லை. ஆனால் எது முதல், எது கடைசி என்கிற வரிசை மாறவில்லை.

பக்கவாட்டு ட்ரே என்று ஒன்று உண்டு. பேட்டரி ஒரு ரெயிலை ஒட்டி நீளவாக்கில் கிடக்கும். பேட்டரி மாற்றச் சுகமாக இருக்கும், முன்பக்கம் சர்வோவுக்கும் லிங்க்குக்கும் (ஆக்சிலைச் சேசியோடு பிணைக்கும் தண்டு) இடம் மிஞ்சும். ஆனால் 280 கிராம் நடுக்கோட்டிலிருந்து 45 மி.மீ. விலகி இருந்தால் மொத்த வண்டியின் மையமே 4.5 மி.மீ. சாய்கிறது. இடச் சரிவுக்கும் வலச் சரிவுக்கும் இரண்டரை டிகிரி வித்தியாசம் வந்துவிடும். எதிர்ப்பக்கம் ஈஎஸ்சியையும் ரிசீவரையும் வைத்துச் சமன் செய்யலாம், முழுதாகச் சமமாகாது. த்ராட்டில் கொடுக்கும்போது சேசி ஒரு பக்கமாக முறுக்கி எழும் வண்டி என்றால், எழுகிற பக்கம் பேட்டரியை வைத்து அந்த முறுக்கைக் கொஞ்சம் அடக்கலாம். அதற்காக மட்டும் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

ஆக்சில்மேலேயே பேட்டரியைக் கட்டுவது பந்தயக்காரர்களின் வழி. ஷாக்கைத் தாண்டாமல் கனம் நேராக டயருக்குப் போகிறது, வண்டி நீண்டு தொங்கினாலும் பேட்டரி தரையோடே இருக்கிறது. ஸ்பிரிங்குக்குக் கீழே கனம் கூடினால் டயர் மேடுபள்ளத்தைத் தொடர்வது கெடும் என்பார்கள். வேகமாக ஓடும் வண்டிக்கு அது உண்மை, ஊர்கிற வேகத்தில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. என் கவலை வேறு. மென் உறை லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி கல்லுக்கு இவ்வளவு அருகில் இருக்கக் கூடாது. ஒரு கூர்முனை உறையைக் கிழித்தால் தீ. சர்வோவும் ஆக்சில்மேல் இருந்தால் இடமும் போதாது. ஜீப் மாதிரியே இருக்க வேண்டும் என்று வண்டியின் உடலுக்குச் சாயம் அடித்து, விளக்கு வைத்து ஓட்டுகிறவர்களுக்கு இது வேண்டாம்.

பேட்டரியைத் தொடாமல் முன் ஆக்சிலில் பித்தளை போடலாமே என்று கேட்பவர்களுக்கு: போடலாம். முன் நக்கிள்களிலும் (ஆக்சில் முனையில் சக்கரத்தோடு திரும்பும் பாகம்) சக்கரத்துக்குள்ளும் சேர்த்து 200 கிராம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். ஏற்றம் 60.1, இறக்கம் 58.8. மோசமே இல்லை. கனம் மிகத் தாழ்வாக உட்காருவதால் வரும் பலன் அது. ஆனால் வண்டி மூன்று கிலோ ஆகிறது, பணம் செலவாகிறது, சர்வோவும் கியரும் அதைச் சுமக்க வேண்டும். பேட்டரியை நகர்த்த ஒரு தகடும் நாலு திருகும் போதும். முதலில் பேட்டரி, அதிலும் போதவில்லை என்றால் பித்தளை.

முன்னால் தாழ்த்தி வைக்கப் போகிறவர்கள் துளை போடுவதற்கு முன் ஷாக்குகளைக் கழற்றிவிட்டு, முன் ஆக்சிலைக் கையால் முழுதாக மேலே தூக்கிப் பாருங்கள், இரண்டு பக்கமும் சாய்த்தும் பாருங்கள். மேல் லிங்க்கும் சர்வோவும் எங்கே வந்து நிற்கின்றன என்று தெரியும். பேட்டரிக்கும் அவற்றுக்கும் நடுவே ஒரு சுண்டுவிரல் நுழைய வேண்டும். சர்வோ சேசியிலேயே இருக்கும் வண்டியில் இந்த இடம் ஏற்கெனவே நெருக்கடிதான். அங்கே பேட்டரியைக் கொஞ்சம் பின்னே, ஷாக் டவருக்கு (ஷாக்கின் மேல்முனையைப் பிடிக்கும் தாங்கி) பின்புறம் குறுக்காக வைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும். முன்னால் மென் உறை பேட்டரி வைத்தால் பம்பர் பக்கம் ஒரு தடுப்புத் தகடு கட்டாயம். வயர் எட்டவில்லை என்றால் பேட்டரி வயரை நீட்டாமல் ஈஎஸ்சியையே முன்னால் நகர்த்தி மோட்டார் வயரை நீட்டுங்கள், ஈஎஸ்சிக்கு அது நல்லது.

என் வண்டியில் இப்போது சின்ன பேட்டரி ரெயில்களுக்கு நடுவே குறுக்காகக் கிடக்கிறது, இரண்டு வெல்க்ரோ பட்டையோடு. முதல் வாரத்தில் தொங்கிய சர்வோ வயர் ஒன்றை முன் ட்ரைவ் ஷாஃப்ட் (முன் ஆக்சிலைச் சுழற்றும் தண்டு) சுற்றி இழுத்து அறுத்துவிட்டது. கல்லின் பாதி உயரத்தில் ஸ்டியரிங் செத்து நின்றது. புது வயரை மேல் ரெயிலின் உள்பக்கமாக ஓட்டி மூன்று இடத்தில் டை போட்டுக் கட்டியிருக்கிறேன்.