விழுந்த முதியவரும் சி.டி. ஸ்கேனும்: மூன்று விதிகளில் எது உதவும்?

78 வயதுப் பெண்மணி ஒருவரை வைத்துக்கொள்வோம். கழிப்பறை இருக்கையிலிருந்து எழும்போது சரிந்து விழுந்துவிட்டார்.

"தலையில அடி பட்டுச்சாம்மா?"

"இல்லையேப்பா, இடுப்புதான் வலிக்குது."

அவசர சிகிச்சைப் பிரிவில் தினம் நடக்கும் உரையாடல்தான். இவருக்குத் தலையை ஸ்கேன் எடுக்கவேண்டுமா என்று கேட்டால், யாருக்கு ஸ்கேன் தேவை என்று மருத்துவர்கள் முடிவெடுக்க உதவும் மூன்று விதிகளும் மூன்று விதமாகப் பேசும்.

மூத்தது நியூ ஆர்லியன்ஸ் விதி, 2000-இல் வந்தது. தலையில் அடிபட்டு நினைவு தப்பியவர்களுக்கானது. தலைவலி, வாந்தி, வலிப்பு, போதை, சற்றுமுன் நடந்ததை மறப்பது, கழுத்துப்பட்டை எலும்புக்கு மேலே காயம், 60-ஐத் தாண்டிய வயது: இதில் ஒன்று இருந்தாலும் ஸ்கேன். எதையும் தவறவிடாது, ஆனால் ஏறக்குறைய எல்லோரையும் ஸ்கேன் அறைக்கு அனுப்பிவிடும்.

அடுத்த ஆண்டு வந்த கனடிய விதி இதைவிடக் கறாரானது. ஒரு முறை வாந்தி எடுத்தால் போதாது, இரண்டு முறையாவது இருக்கவேண்டும். இளைஞர்கள் விஷயத்தில் என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் 65 வயது ஆகிவிட்டால் அதுவே ஸ்கேனுக்குக் காரணம். அதாவது முதியவர் வந்தால் இந்த விதியைப் புரட்டவே வேண்டாம், விடை முன்பே எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுப்பவர்களை இந்த விதியை உருவாக்கிய ஆய்வில் சேர்க்கவே இல்லை. முதியவர்களில் எத்தனை பேர் அந்த மாத்திரையில் இருக்கிறார்கள் என்பது வார்டில் ஒரு நாள் நின்றாலே தெரியும்.

மூன்றாவது 2023-இல் வெளியான வீழ்ச்சி விதி. இது தொடங்கும் இடமே வேறு. கனடா, அமெரிக்காவில் 11 அவசரப் பிரிவுகளில், சமதரையிலோ நாற்காலி, கட்டில், கழிப்பறை இருக்கையிலிருந்தோ விழுந்த, 65 வயதோ அதற்கு மேலோ ஆன 4,308 பேரைப் பார்த்தார்கள். தலையில் அடிபடாதவர்களும் மாத்திரைக்காரர்களும் உண்டு. 139 பேருக்கு மூளையில் ரத்தக்கசிவு, அதாவது 3.2 சதவீதம்.

ஸ்கேன் வேண்டாம் என்று சொல்ல நான்கு நிபந்தனைகள்: தலை இடிபடவில்லை, விழுந்தது நினைவிருக்கிறது, நரம்புப் பரிசோதனையில் புதிதாகக் கோளாறு இல்லை, முதுமைத் தளர்ச்சியை அளக்கும் அளவுகோலில் 5-க்குக் கீழ். ரத்தக்கசிவு இருந்தவர்களில் 98.6 சதவீதத்தை இது பிடித்தது. தவறியது இரண்டு பேர். ரத்தக்கசிவு இல்லாதவர்களில் ஐந்தில் ஒருவருக்கு ஸ்கேன் மிச்சம். கொஞ்சம்தானே என்பீர்கள். முதியவர் விஷயத்தில் முந்தைய இரண்டு விதிகளும் மிச்சப்படுத்துவது அதுகூட இல்லை. ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும்: இவை விதியை உருவாக்கிய ஆய்விலேயே கிடைத்த எண்கள். வெளியே போனால் எந்த விதியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

மாத்திரை விஷயத்தில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வெளியிடும் பிரிட்டனின் நைஸ் அமைப்பும் இறங்கி வந்திருக்கிறது. 2014-இல் வார்ஃபரின் என்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை எடுப்பவருக்கு வேறு அறிகுறி இல்லாவிட்டாலும் 8 மணி நேரத்துக்குள் ஸ்கேன் எடுக்கச் சொன்னது, 2023-இல் "பரிசீலிக்கவும்" என்றது.

எனக்கு வீழ்ச்சி விதி பிடிப்பதற்குக் காரணம் அந்தத் தளர்ச்சிக் கேள்வி. 9 படி கொண்ட அளவுகோல் அது. வரவுசெலவு, வெளியே போய்வருவது, கனமான வீட்டுவேலை ஆகியவற்றுக்கு அடுத்தவர் கை வேண்டியிருந்தால் 5-ஆம் படி. வயதைக் கேட்காமல் வாழ்க்கையைக் கேட்கிறது.

நம் பெண்மணிக்குத் தலை இடிபடவில்லை, விழுந்தது அப்படியே நினைவிருக்கிறது, கைகால் சரியாக அசைகின்றன. கடைசிக் கேள்வி பாக்கி.

"பேங்க் கணக்கெல்லாம் யாரும்மா பார்த்துக்கிறா?"

"பொண்ணுதாம்ப்பா, ரெண்டு வருஷமா. எனக்கு எதுவும் கணக்கு நிக்கிறதில்லை."

ஸ்கேனுக்கு எழுதிவிடலாம்.