மேல்முறையீடு செய்யலாமா என்று கேட்கப் போன இடம்: கும்பகோணத்து வழக்கறிஞர் அலுவலகம் ஒன்றின் சேவை குறித்து

பாபநாசம் வட்டத்தில் எங்கள் குடும்பத்துக்கு உள்ள நான்கு மா நஞ்சைக்கு, பக்கத்து வயலின் வரப்போரம் ஓடும் கன்னி வாய்க்கால் (வயலுக்குத் தண்ணீர் கொண்டுவரும் சிறு கிளை வாய்க்கால்) வழியாகத்தான் தண்ணீர் வர வேண்டும். அந்த வாய்க்காலைப் பக்கத்து நிலத்துக்காரர் வெட்டிச் சமன் செய்ததால், பாசன உரிமையை விளம்பக் கோரியும் நிரந்தரத் தடையாணை கோரியும் என் தகப்பனார் உரிமையியல் வழக்குத் தொடர்ந்தார். பல ஆண்டுகள் வாய்தாவுக்கு நடந்த பிறகு, கடந்த தை மாதம் வழக்கு தள்ளுபடியானது. அதன்பின் மேல்முறையீடு செய்வதா, விட்டுவிடுவதா என்ற கேள்வியோடு நாங்கள் அணுகிய ஓர் அலுவலகத்தின் சேவையைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். அவர்கள் விளம்பரத்தை விரும்பாதவர்கள் என்பதால் பெயரைக் குறிப்பிடவில்லை.

முதலில் வேறோர் அலுவலகத்துக்குத்தான் போனோம். அங்கே தீர்ப்பின் கடைசிப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, "அப்பீல் போட்டுப் பார்ப்போம்" என்று வக்காலத்தை நீட்டினார்கள். எதை எதிர்த்து, எந்தக் காரணத்துக்காக என்று என் தகப்பனார் கேட்டதற்கு விடை வரவில்லை. எழுபத்தெட்டு வயதுக்காரர் நாற்காலியிலிருந்து எழுந்துகொண்ட விதத்தை நான் மறக்கவில்லை.

கும்பகோணத்து அலுவலகத்தில் வக்காலத்தைப் பற்றிப் பேச்சே எழவில்லை. தீர்ப்புரை, தீர்ப்பாணை (தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதிய ஆணை) ஆகியவற்றின் சான்றிட்ட நகல்கள், வழக்குரை, எதிர்வழக்குரை, சாட்சிகளின் வாக்குமூலங்கள், இரு தரப்புச் சான்றாவணங்கள் அனைத்தையும் கொண்டுவரச் சொன்னார்கள். அவற்றை முழுதும் படித்து, மேல்முறையீட்டில் எது நிற்கும், எது நிற்காது என்பதைத் தமிழிலேயே எழுத்து வடிவில் தருவதுதான் அவர்கள் செய்யும் வேலை. அதற்குக் கட்டணம் இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மேல்முறையீட்டை அவர்களிடமே கொடுக்க வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை.

குமாஸ்தா முதலில் பார்த்தது தீர்ப்பை அல்ல, சான்றிட்ட நகலின் பின்புற முத்திரையை. நகல் மனு கொடுத்த நாள், நகல் தயாரான நாள், வழங்கப்பட்ட நாள் எல்லாம் அதில் இருக்கும். கீழமை நீதிமன்றத் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட அளவிலான நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு செய்ய, தீர்ப்பாணை நாளிலிருந்து முப்பது நாள்களே காலவரம்பு. உயர் நீதிமன்றத்துக்குப் போவதானால் தொண்ணூறு நாள்கள். நகல் பெறுவதற்குத் தேவைப்பட்ட காலத்தை 1963-ஆம் ஆண்டுக் காலவரம்புச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு கழித்துக்கொள்ள இடம் தருகிறது. அந்தக் கணக்கை ஒரு துண்டுச் சீட்டில் போட்டு, கடைசி நாளைச் சுழித்து, கட்டின் மேல் குத்திவைத்தார். அதுவரை எங்களுக்குக் காலம் கடந்துவிட்டது என்றே நினைத்துப் பயந்துகொண்டிருந்தோம்.

ஒன்பது நாள் கழித்துக் கருத்துரை வந்தது: எட்டுப் பக்கங்கள். கூடவே எங்கள் தீர்ப்பின் ஒளிநகலில், ஒருமுனை சிவப்பும் மறுமுனை நீலமுமான பென்சிலால் ஓரமெல்லாம் கோடு இழுத்திருந்தார்கள். நீதிபதி சாட்சியை நம்பிய அல்லது நம்பாத இடங்களுக்குச் சிவப்பு. ஆவணத்தைப் படித்துப் பொருள் கொண்ட இடங்களுக்கும் சட்டத்தைப் பொருத்திய இடங்களுக்கும் நீலம். நீதிபதி எதையுமே சொல்லாமல் கடந்துபோன இடங்களில் வெறும் கேள்விக்குறி. நாங்கள் பணம் கொடுத்துப் பெற்றவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது இந்த ஒளிநகல்தான். மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு தீர்ப்பை எந்தக் கண்கொண்டு பார்க்கும் என்பதை அந்த இரண்டு நிறங்களிலேயே புரிந்துகொள்ள முடிந்தது.

சிவப்புக் கோடுகளில் பெரும்பகுதி என் தகப்பனாரின் சாட்சியத்தின் மேல் விழுந்திருந்தது. குறுக்கு விசாரணையில் அவர் வாய்க்கால் வெட்டப்பட்ட ஆண்டை ஒருமுறை ஒன்றாகவும் மறுமுறை வேறாகவும் சொல்லிவிட்டார்; நீதிபதி அதைக் குறிப்பிட்டு, அவர் சொன்னதை ஏற்க முடியாது என்று எழுதியிருந்தார். முதல் மேல்முறையீட்டில் பொருண்மையும் (நடந்தது என்ன என்ற உண்மை நிலையும்) சட்டமும் இரண்டுமே மறுஆய்வுக்குத் திறந்திருப்பவைதாம்; உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 96-ஆவது பிரிவின்கீழ் வரும் முதல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சாட்சியங்கள் அனைத்தையும் தானே எடைபோட்டுப் பார்க்கலாம். ஆயினும் கூண்டில் நின்ற சாட்சியைக் கண்ணால் கண்டவர் விசாரணை நீதிபதி. மேல் நீதிமன்றத்தின் முன் இருப்பது காகிதம் மட்டுமே. ஆகவே ஒரு சாட்சி நம்பத் தக்கவரா என்பதில் விசாரணை நீதிபதியின் முடிவை, அவர் முக்கியமான ஒன்றைக் கவனிக்கத் தவறினார் என்று காட்டினாலன்றி, எளிதில் மாற்றமாட்டார்கள் என்று உச்ச நீதிமன்றம் 1950-களின் தொடக்கத்திலேயே சொல்லியிருக்கிறது. "அய்யா, உங்க வாக்குமூலத்தை வச்சு இதை ஜெயிக்க முடியாது, அதை விட்டுருங்க" என்று மூத்த வழக்கறிஞர் தகப்பனாரிடம் நேராகவே சொன்னார். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அதை அப்படிச் சொன்னதற்காகவே அவரிடம் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

நீலக் கோடு விழுந்த இடம் ஒன்றே ஒன்று. 1978-ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் "வாய்க்காலுக்குக் கிழக்கு" என்ற எல்லை இருக்கிறது. அது ஊர்ப் பெரிய வாய்க்காலைக் குறிக்கும் என்று தீர்ப்பு சொல்கிறது. பெரிய வாய்க்கால் எங்கள் நிலத்துக்கு வடக்கில் ஓடுவதைப் புலப்படம் (நில அளவை வரைபடம்) காட்டுகிறது. கேள்விக்குறி விழுந்த இடம் இதைவிட முக்கியமானது. நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர் ஆணையர் நேரில் வந்து பார்த்து, பழைய செங்கல் மதகின் அடித்தளமும் வாய்க்கால் தடமும் இருப்பதாக அறிக்கையும் வரைபடமும் தாக்கல் செய்திருந்தார். அவை நீதிமன்றச் சான்றாவணங்களாகக் குறியிடப்பட்டும், தீர்ப்பில் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் (பிறர் நிலத்தின் வழியே தண்ணீர், பாதை போன்றவற்றைப் பெறும் உரிமை பற்றியது) 15-ஆவது பிரிவு இருபது ஆண்டு இடையறாத அனுபவத்தைக் கேட்கிறது. அந்த மதகின் வயதும் பத்திரத்தின் எல்லையும் சேர்ந்து அதற்கு விடை சொல்லக்கூடியவை. கண்ணால் கண்ட சாட்சியின் நடத்தையைப் பற்றிய கேள்வி இதில் எழவே இல்லை. காகிதத்தையும் வரைபடத்தையும் படிப்பதில் விசாரணை நீதிபதிக்கு மேல் நீதிமன்றத்தைவிட எந்த வசதியும் கிடையாது. ஆகவே மேல்முறையீட்டை இந்த இரண்டின் மேல் மட்டுமே கட்ட வேண்டும் என்பது கருத்துரையின் முடிவு.

நாங்கள் பெரிதாக நினைத்துக்கொண்டிருந்த சில குறைகளை அவர்கள் ஒரு பத்தியில் ஒதுக்கிவிட்டார்கள். ஒரு சாட்சியை அழைத்துவர இன்னொரு வாய்தா கேட்டது மறுக்கப்பட்டது, எழுவினாவின் (வழக்கில் தீர்மானிக்க நீதிமன்றம் வகுத்த கேள்வியின்) வாசகம் சரியில்லை என்பன போன்றவை அவை. வழக்கின் தகுதிப்பாட்டையோ நீதிமன்றத்தின் அதிகார வரம்பையோ பாதிக்காத பிழைக்காகத் தீர்ப்பாணையை மாற்றக் கூடாது என்று உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 99-ஆவது பிரிவு சொல்கிறதாம். அதுபோலவே, தீர்ப்புக்குப் பிறகு எங்கள் டிரங்குப் பெட்டியில் கிடைத்த பழைய தண்ணீர்த் தீர்வை ரசீதுகளையும் அவர்கள் நம்பவில்லை. மேல்முறையீட்டில் புதிய சான்று கொடுக்க அதே சட்டத்தின் 41-ஆவது கட்டளையின் 27-ஆவது விதி குறுகிய வாசலைத்தான் திறந்துவைத்திருக்கிறது. உரிய முயற்சி எடுத்தும் முன்பு கிடைக்கவில்லை என்று காட்ட வேண்டும். சொந்த வீட்டுப் பெட்டியில் இருந்ததை அப்படிச் சொல்வது கடினம்.

இரண்டாம் மேல்முறையீட்டைப் பற்றி அவர்கள் எழுதியிருந்த பக்கம் டெல்டாவில் வழக்கு நடத்தும் எல்லோரும் படிக்க வேண்டியது. 1976-ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 100-ஆவது பிரிவின்கீழ், சாராம்சமான சட்டக் கேள்வி ஒன்று இருந்தாலன்றி உயர் நீதிமன்றம் அந்த மேல்முறையீட்டைக் கேட்காது. அந்தக் கேள்வியையும் நீதிமன்றமே வகுத்து எழுதியாக வேண்டும். இரண்டு கீழ் நீதிமன்றங்களும் ஒரே விதமாகக் கண்ட பொருண்மையை அங்கே மறுபடி கிளற முடியாது. ஆவணத்துக்குத் தவறாகப் பொருள் கொண்டால், அல்லது சட்டக் கொள்கையைத் தவறாகப் பொருத்தினால், அது சட்டக் கேள்வியாகும் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழியுரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2006-இல் விளக்கியிருக்கிறது. ஆகவே முதல் மேல்முறையீடே பொருண்மைக்குக் கடைசி இடம். அங்கே நீதிமன்றம் தீர்மானிக்க வேண்டிய பிரச்சினைகளையும், முடிவையும், காரணங்களையும் தனித்தனியே எழுத வேண்டும் என்று 41-ஆவது கட்டளையின் 31-ஆவது விதி கேட்கிறது. கீழ்த் தீர்ப்பை மாற்றுவதானால் அதன் காரணங்களை நேருக்கு நேர் எதிர்கொண்டு தன் காரணங்களைச் சொல்ல வேண்டும் என்று 2001-ஆம் ஆண்டு சந்தோஷ் ஹசாரி வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வலியுறுத்துகிறது. மேல்முறையீட்டு மனுவை அந்த அமைப்புக்கு ஏற்ப எழுதினால் நீதிபதிக்கும் வேலை எளிது என்பது அவர்களின் வாதம். எனக்கு அது சரியென்றே படுகிறது.

இன்னொன்றையும் அந்தப் பக்கத்தில்தான் தெரிந்துகொண்டேன். 2004 ஜூலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தொடங்கியதிலிருந்து தஞ்சாவூர், திருச்சி மாவட்டத்தாரின் இரண்டாம் மேல்முறையீடு மதுரைக்குப் போகிறது. திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டத்தார் இன்றும் சென்னைக்கே போக வேண்டும். கும்பகோணத்துக்காரர் மதுரைக்கும், சற்றுத் தள்ளிக் குடவாசலில் இருப்பவர் சென்னைக்கும் வண்டியேற வேண்டும். ஒரே ஆற்றுத் தண்ணீர் பாயும் ஊர்கள் இவை.

குறைகளும் உண்டு. அலுவலகம் மாடியில் இருக்கிறது. படிக்கட்டில் கைப்பிடி இல்லை. என் தகப்பனாரை இரண்டு பேர் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது. முப்பது நாளில் ஒன்பது நாளைக் கருத்துரைக்கே எடுத்துக்கொள்வது அதிகம். எங்களுக்கு நகல் பெற்ற காலத்தைக் கணக்கில் கழிக்க முடிந்ததால் சமாளித்தோம், எல்லோருக்கும் அப்படி அமையாது. இடைக்கால நிவாரணத்தைப் பற்றிக் கருத்துரையில் ஒன்றும் இல்லாததுதான் எனக்குப் பெரிய குறை. மேல்முறையீடு செய்வதாலேயே எதுவும் நின்றுவிடாது. அதிலும் வழக்கே தள்ளுபடியான எங்களைப் போன்றவர்களுக்கு, தீர்ப்பாணையில் நிறுத்திவைக்க எதுவும் இல்லை, தனியே இடைக்காலத் தடையாணை மனு போட வேண்டும். நான் கேட்ட பிறகுதான் இதைச் சொன்னார்கள். ஜூன் 12-இல் மேட்டூர் திறந்தால் குறுவைக்கு நாற்று விட வேண்டிய விவசாயிக்கு முதல் பக்கத்திலேயே தெரிய வேண்டிய செய்தி இது. அதைக் கேட்டுக்கொண்டவர்கள், இனி வருவோர்க்குக் கொடுக்கும் கருத்துரையில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

செலவைப் பொறுத்தவரை, கருத்துரைக் கட்டணம் தவிர, மேல்முறையீட்டுக்கு நீதிமன்றக் கட்டணம் தனி. 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நீதிமன்றக் கட்டணச் சட்டப்படி முதல் வழக்குக்குக் கட்டிய அதே அளவு கட்ட வேண்டும். அதையும் கணக்கிட்டு முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள்.

பதினொரு காரணங்களோடு எழுத நினைத்த மேல்முறையீடு, கிரயப் பத்திரத்தின் எல்லை, ஆணையரின் அறிக்கை என்ற இரண்டு காரணங்களோடு நான்கு பக்கத்தில் முடிந்தது. கடைசி நாளுக்கு ஆறு நாள் முன்பே தாக்கல் செய்து, இடைக்காலத் தடையாணை மனுவும் சேர்த்துக் கொடுத்திருக்கிறோம். எண் விழுந்து, எதிர்த்தரப்புக்கு அறிவிப்பும் போயிருக்கிறது. இந்த அலுவலகத்துக்குப் போகிறவர்கள், தீர்ப்பு வந்த அன்றே நகல் மனுவைக் கொடுத்துவிட்டு, ஆணையர் அறிக்கையின் வரைபடத்தையும் புலப்படத்தையும் மறக்காமல் எடுத்துக்கொண்டு போங்கள். அவை இரண்டும் இல்லாததால் எங்களை ஒருமுறை திருப்பி அனுப்பினார்கள்.