இரண்டாவது பேறுகால விடுப்பு: லாஸ்பேட்டை ஆலோசகரின் சேவை

இரண்டாவது குழந்தையைப் பற்றி யோசித்தபோது, புதுச்சேரி லாஸ்பேட்டையிலுள்ள தொழிலாளர் சட்ட ஆலோசகர் ஒருவரிடம் விடுப்புத் தகுதியைக் கேட்டறிந்தேன். பிரசவம் எதிர்பார்க்கப்படும் நாளுக்கு முந்தைய 12 மாதங்களில் அந்த நிறுவனத்திலேயே குறைந்தது 80 நாள்கள் பணியாற்றியிருக்க வேண்டும் என்பதால், வேலை மாற எண்ணியிருந்த எனக்கு, அவர் நாட்காட்டியில் பின்னோக்கி எண்ணிக் காட்டியது பெரிதும் உதவியது. உயிருடனுள்ள குழந்தைகள் இரண்டுக்குக் குறைவானால் பேறுகாலப் பயன் சட்டத்தில் 2017ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தபடி 26 வாரங்கள் கிடைக்கும். அதில் பிரசவத்துக்கு முன் 8 வாரங்களுக்கு மேல் எடுக்க இயலாது. ஏற்கெனவே இருவர் இருந்தால் 12 வாரங்களே. முதற்பேற்றிலேயே இரட்டையரைப் பெற்ற என் தோழிக்கு இது கசப்பான செய்தி. ஈ.எஸ்.ஐ. எனப்படும் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுத் திட்டப் பயனாளிகளுக்கான பங்களிப்பு நாள் கணக்கை நானாகக் கேட்ட பிறகே விளக்கினார் என்பது மட்டுமே குறை.