ஊட்டி அறைக்கு உண்மை எலும்பா, பிளாஸ்டிக்கா?

மருத்துவப் படிப்பில் முதலாண்டு அனாடமிக்கு (உடற்கூறியல்) அறையில் வைத்துப் படிக்க எந்த எலும்பு செட்? அனாடமித் துறையில் இரவல் தரும் உண்மையான ஹாஃப் செட்டா (பாதி எலும்புக்கூடு), கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக்கா? என் ஓட்டு உண்மை எலும்புக்கே. ஊட்டி ஈரம் ஒன்றுதான் யோசிக்க வைக்கும்.

பிளாஸ்டிக்கைக் கழுவலாம், விழுந்தாலும் தாங்கும், படித்து முடித்ததும் ஜூனியருக்கு விற்றுவிடலாம். எலும்பு வலப்பக்கமா இடப்பக்கமா என்று சொல்லிப் பழக அது போதும். மணிக்கட்டின் 8 எலும்புகளை வரிசையாகப் பார்க்கவும் கோத்துக் கட்டிய பிளாஸ்டிக் கைதான் வசதி.

பிளாஸ்டிக் காலை வாருவது மண்டையோட்டில். மலிவான வார்ப்புகளில் ஓட்டின் அடித்தளத்துத் துளைகளான ஃபோரமென் ஓவேலும் ஸ்பைனோசமும் வெறும் குழிகளாக நின்றுவிடும், மறுபக்கம் திறக்காது. உண்மை மண்டையோட்டில் கம்பளி நூலை உள்ளிருந்து விட்டு அடியில் எங்கே வருகிறது என்று நாலு முறை பார்த்தால், ஓவேல் வழியே மண்டிபுலர் நரம்பு, ஸ்பைனோசம் வழியே மிடில் மெனிஞ்சியல் தமனி என்பது பிறகு குழம்பாது. (விலை கூடிய வார்ப்பு சிலவற்றில் துளை சரியாகவே இருக்கும், வாங்குமுன் நூல் விட்டுப் பாருங்கள்.) இன்னொன்று, பிளாஸ்டிக் எல்லாம் ஒரே அச்சு. சில ஹியூமரஸில் (மேற்கை எலும்பு) முழங்கைப் பக்கமுள்ள ஒலெக்ரேனன் குழி இயல்பாகவே ஓட்டையாக இருக்கும். அச்சை மட்டும் பார்த்துப் பழகியவர் ஸ்பாட்டரில் (எலும்பைக் காட்டி அடையாளம் கேட்கும் தேர்வு) அதை உடைந்த எலும்பு என்று எழுதிவிடுவார்.

இனி பராமரிப்பு. ஜூன் மழை தொடங்கினால் நவம்பர் வரை அறை சரியாகக் காயாது. நீண்ட எலும்புகளின் முனைகள் உள்ளே கடற்பஞ்சு போன்றவை, ஈரத்தை இழுத்துக்கொள்ளும். கொழுப்பு சரியாக நீக்கப்படாத எலும்பு மஞ்சளாகப் பிசுபிசுக்கும். பூஞ்சை முதலில் பிடிப்பது அங்கேதான். பாலித்தீன் பையில் கட்டி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு: இரவுக் குளிரில் பைக்குள் வியர்த்து, வாரத்தில் பூத்துவிடும். பருத்தித் துணியில் சுற்றி, காற்றோடும் பெட்டியில், சுவரை ஒட்டாமல், தரையிலிருந்து தூக்கி வையுங்கள். மண்டையோட்டைச் சும்மாடு மேல் வைத்தால் அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் மெல்லிய ஸ்டைலாய்டு முள் உடையாமல் பிழைக்கும். கண்குழியில் விரல் விட்டுத் தூக்காதீர்கள். அங்கே சுவர் காகிதம் மாதிரி.

பூத்துவிட்டால் முகக்கவசம் போட்டு, வெளியே கொண்டுபோய், காய்ந்த பல்துலக்கியால் தட்டி எடுங்கள். பஞ்சில் சர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, நிழலில் இரண்டு நாள் காய விடுங்கள். வெயில் வந்ததே என்று முற்றத்தில் பரப்பினால் பல்லில் விரிசல் விழும். பிளீச்சில் ஊறவைக்கவே வேண்டாம். எலும்பைப் பிணைக்கும் புரதமான கொலாஜன் கரைந்து எலும்பு சுண்ணாம்பாக உதிரும். தசை ஒட்டும் மேடுகள்தான் முதலில் போகும், படிக்க வேண்டியதே அவைதான். அந்த மேடுகளைக் குறிக்கப் பேனா வேண்டாம், சாக்பீஸ் போதும். ஆரிஜின் (தசை தொடங்கும் இடம்) சிவப்பு, இன்செர்ஷன் (தசை போய்ச் சேரும் இடம்) நீலம்.

எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் உண்மை எலும்பை வெளியில் விலைக்கு வாங்காதீர்கள். யாருடையது, எப்படி வந்தது என்று விற்பவரிடம் பதில் இருக்காது. கையெழுத்துப் போட்டு வாங்கியதைத் துடைத்து, எண்ணி, ஆண்டு முடிவில் துறையிலேயே ஒப்படையுங்கள். சுவரில் நீர் கசியும் அறை கிடைத்தவர்கள் மட்டும் உண்மை எலும்பைத் துறையிலேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு, அறைக்கு பிளாஸ்டிக் வாங்கிக்கொள்ளலாம்.