ராமர் பச்சையில் ஒரு விண்கலச் சீருடை: மதுரையில் கவுன் தைத்த கதை

இந்த முறை மதுரைக்குப் போகும்போது பெட்டியில் ஒரு படத்தையும் எடுத்துப் போனேன். 1987 முதல் 1994 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் வந்த ‘ஸ்டார் டிரெக்: தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ தொடரில், விண்கலத்தின் மருத்துவர் போட்டிருக்கும் சீருடை அது. தோள் கறுப்பு, உடம்பு பச்சையும் நீலமும் சேர்ந்த ஒரு நிறம். கட்டளை இடுபவர்களுக்கு அரக்கு, பொறியாளர்களுக்கு மஞ்சள், மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் இந்த நிறம். நான் நியூ ஜெர்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். அமெரிக்கா வந்த புதிதில், தூக்கம் வராத இரவுகளில் மறுஒளிபரப்பில் பார்த்துப் பழகிய தொடர். அப்போதிருந்தே அது எங்கள் ஆட்களின் நிறம் என்று மனதில் ஒட்டிக்கொண்டது.

அதே நிறத்தில் ஒரு கவுன் தைக்க நினைத்தேன். எனக்கு வேண்டியது வேஷம் இல்லை. வெள்ளைக் கோட்டுக்குள் போட்டுக்கொண்டு எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், வீட்டில் துவைக்க வேண்டும், குனிந்தால் கையைத் தூக்கினால் இழுக்கக் கூடாது. அந்தச் சீருடையே முதலில் அப்படி இருக்கவில்லை. முதல் இரண்டு பருவங்களில் அதை ஸ்பாண்டெக்ஸ் என்ற இழுபடும் துணியில், சுருக்கமே விழக் கூடாது என்று உடம்பளவைவிடச் சின்னதாகத் தைத்தார்கள். நடிகர்களுக்கு முதுகுவலி வந்துவிட்டது. மூன்றாம் பருவத்தில் ஆடை வடிவமைப்பாளர் ராபர்ட் பிளாக்மேன் அதைக் கம்பளித் துணிக்கு மாற்றி, ஆண்களுக்கு மேல்சட்டை தனி, கால்சட்டை தனி என்று பிரித்தார். அதனால் உடம்பை இறுக்காத பருத்திதான் என்று விமானம் ஏறும் முன்பே முடிவு செய்திருந்தேன்.

ஆனாலும் முதல் தடவை ஏமாந்தேன். உறவினர் ஒருவர் சொன்ன பொட்டிக்குக்கு, அதாவது புதுப்பாணித் துணிக்கடைக்குப் போனேன். குளிர்சாதன அறை, டேப்லெட்டில் டிசைன், எல்லாம் நன்றாக இருந்தது. மூன்றாம் நாள் கைக்கு வந்தது பாலியஸ்டர் கலந்த துணி. கறுப்புத் தோள்பகுதியின் தையல் நேராகக் கைக்குழியில் போய் முட்டியது. கையைத் தோளுக்கு மேல் தூக்கினால் கவுன் முழுவதும் மேலே ஏறியது. படத்தைப் பார்த்து அப்படியே எடுத்திருக்கிறார்கள், எதற்குப் போடப் போகிறேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. இரண்டாயிரத்து நானூறு ரூபாய் கொடுத்தேன். திரும்பக் கேட்டதற்கு ‘படத்துல இருக்கறதுதான மேடம்’ என்றார்கள்.

அடுத்த நாள் அம்மா என்னைக் குன்னத்தூர் சத்திரத்துக்குக் கூட்டிப் போனாள். மீனாட்சி அம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, திருமலை நாயக்கர் கட்டிய புதுமண்டபத்தில் சிற்பத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்கள் ஓடியதை நான் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். வெளிநாட்டுக்காரர்கள் தங்கள் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, அதே மாதிரி தைத்து வாங்கிப் போவார்கள். அந்தக் கடைகளைத்தான் இப்போது சத்திரக் கட்டடத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். மிஷின் சத்தம் அதேதான், தூண்கள்தான் இல்லை.

அறுபது வயதைத் தாண்டிய டெய்லர் ஒருவர் படத்தை வாங்கிக் கண்ணாடியை ஏற்றிப் பார்த்தார். சித்திரைத் திருவிழாவுக்குப் பக்தர்கள் போடும் அழகர் வேடம் தைப்பவர். கடை முழுக்கச் சிவப்பு வெல்வெட்டில் சரிகை வைத்த சல்லடம் என்கிற அரைக்கால்சட்டையும் தலைப்பாகையும் தொங்கின.

“இதைப் போட்டுக்கிட்டு என்னம்மா வேலை செய்வீங்க?” என்றார். நான் எதிர்பார்த்திருந்த கேள்வி அதுதான்.

சொன்னேன். பொட்டிக் கவுனையும் எடுத்துக் காட்டினேன். உள்பக்கத்தைத் திருப்பி, தையலை விரலால் தடவிப் பார்த்தார். “வேஷத் துணின்னா ஒரு நாள் உடம்புல நின்னாப் போதும். இது தினம் போடுறது. தோள்பட்டித் தையலை ரெண்டு விரக்கடை மேல ஏத்தணும். கைக்குழி ஒரே துணியா இருக்கட்டும். சரியா?”

“சரிண்ணே. பக்கத்துல பை வேணும். போன் வைக்கிற அளவுக்கு.”

“பொம்பளையாளுக உடுப்புல பை வேணும்னு இப்பத்தான் எல்லாரும் கேக்குறாக. வச்சிருவோம்.”

துணியை நானே எடுத்து வந்தேன். கடைக்காரர் முதலில் மயில்கழுத்தை விரித்தார். அது இரண்டு நிறம் அடித்தது, வெளிச்சத்தில் மாறியது. பிறகு ராமர் பச்சையில் ஒரே நிறக் காட்டன் எடுத்துப் போட்டார், அதுவேதான். இரண்டரை மீட்டர் பச்சை, முக்கால் மீட்டர் கறுப்பு, உள்ளே வெள்ளை மல் லைனிங். டெய்லர் கத்திரிக்கோலைத் தொடவே இல்லை. மூன்றையும் தனித்தனியாக ஓர் இரவு உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைத்துக் கொண்டுவரச் சொன்னார். கறுப்பில் இருந்து ஒரு வாளி சாயம் இறங்கியது. 1966-இல் வந்த முதல் ஸ்டார் டிரெக் தொடரிலும் இதே பாடு இருந்ததாம். வெல்வெட் மாதிரியான வெலூர் துணியில் தைத்த அந்தச் சட்டைகள் சலவைக்குப் போனால் சுருங்கிவிட, மூன்றாம் பருவத்தில் துணியையே மாற்றினார்கள்.

முன்பக்கத்தில் கறுப்பு நெஞ்சுக்கு நடுவே கூர்மையாக இறங்க வேண்டும் என்று கேட்டிருந்தேன். அதைத் தைக்கும்போது பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன். முனை வரும் இடத்தில் உள்பக்கம் ஒரு சின்னச் சதுரத் துணியை வைத்துக்கொண்டார். முனைவரை தைத்து, ஊசியைத் துணியிலேயே குத்தி நிறுத்தி, மிஷினின் பாதத்தைத் தூக்கினார். பச்சைத் துணியில் அந்த மூலையை நோக்கி ஒரு வெட்டு. தையலுக்கு ஒரு நூல் மிச்சம் இருக்கையில் கத்திரி நின்றது. வெட்டு விரிந்து துணி திரும்பியதும் மறுபக்கம் தைத்தார். திருப்பிப் போட்டபோது முனையில் ஒரு சுருக்கம் இல்லை. “ஒரு நூல் கூட வெட்டுனா ஓட்டை, கொறைய வெட்டுனா சுருக்கு” என்றார். இதை இங்கே நியூ ஜெர்சியில் நான் யூடியூப் பார்த்து மூன்று தடவை முயன்று தோற்றிருக்கிறேன்.

குறை ஒன்று உண்டு. இரண்டு நாளில் தருகிறேன் என்றவர் நான்காம் நாள்தான் தந்தார். காஜா எடுப்பவர் வரவில்லை என்று ஒரு நாள், கல்யாண ஆர்டர் என்று ஒரு நாள். ஊருக்குப் போகிறவர்கள் கடைசி வாரத்தில் துணி கொடுக்காதீர்கள். ஒரு டிரயலுக்கும், அதற்குப் பின் பிரித்துத் தைக்கவும் நாள் வேண்டும். எனக்கு டிரயலில் இடுப்பு அரை அங்குலம் பிடித்தது. உள்ளே ஒரு அங்குலம் துணி விட்டிருந்ததால் அங்கேயே பிரித்துவிட்டார். கூலி லைனிங்கோடு தொள்ளாயிரம் ரூபாய்.

அந்தத் தொடரில் இடது மார்பில் ஒரு சின்னம் குத்தியிருப்பார்கள். நான் வைக்கவில்லை. ஆய்வகத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவர் மட்டும் மைக்ரோஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கி, தோளைப் பார்த்து, “மருத்துவப் பிரிவா?” என்று கேட்டார்.

இதுவரை ஆறு தடவை துவைத்தாயிற்று. கறுப்பு பச்சையில் இறங்கவில்லை. அளவுக்கு என் பழைய சுடிதார் டாப் டெய்லரிடமே இருக்கிறது. தை மாதம் தம்பி வரும்போது அரக்கில் ஒன்று வரும்.